வெயில் வேறு, கதிர் வேறு

தெலங்கானா அரசு 2025 ஏப்ரலில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயில் தாக்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித் தொகை நிர்ணயித்தது. வரவேற்கத்தக்க முடிவே. ஆனால் கோக்காப்பேட்டிலும் கச்சிபௌலியிலும் முப்பது மாடி உயரத்தில் கம்பி கட்டும் தொழிலாளிக்கு, சுருண்டு விழுவது ஒன்றே வெயிலால் வரும் கேடு அல்ல. பதினைந்து, இருபது ஆண்டுகளில் கண்ணையும் தோலையும் மெல்லத் தின்னும் கேடும் ஒன்று உண்டு. அந்த இழப்புக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

அது புற ஊதாக் கதிரால் வருவது. இக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் சுடுவதும் இல்லை. ஆகவே சூட்டைக் கொண்டு இதை எடைபோட முடியாது. ஹைதராபாதில் சூடு உச்சத்தைத் தொடுவது பிற்பகல் 3 மணி வாக்கில். இக்கதிரின் உச்சமோ, சூரியன் உச்சிக்கு வரும் 12.20 மணி வாக்கில். மே 9, ஆகஸ்டு 3 ஆகிய தேதிகளை ஒட்டி, இந்நகரில் நட்ட கம்பியின் நிழல் நடுப்பகலில் அதன் அடியிலேயே அடங்கிவிடுகிறது. மே மாதத்தில் கொத்தனாரும் சித்தாளும் கேட்காமலே தலையில் துண்டு கட்டிக்கொள்கிறார்கள். ஆகஸ்டில் மேகம் கவிந்து காற்று குளிர்ந்ததும் அந்தத் துண்டு சாரத்தில் தொங்குகிறது. மெல்லிய மேகம் இக்கதிரில் ஐந்தில் நான்கு பங்கைக்கூட உள்ளே விட்டுவிடும் என்பதை அவர்களுக்குச் சொன்னவர் இல்லை.

வெளுத்த தோல் உடையவர்களைவிடக் கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்பது உண்மை. கண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணில் புரை விழுவதற்கு இக்கதிரும் ஒரு காரணம். மூக்கோரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறும் நோய், வெட்டவெளியில் உழைப்பவர்களிடம் கூடுதலாக இருப்பதை, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தார் ஆந்திர மக்களிடையே நடத்திய ஆய்வே காட்டியிருக்கிறது. உலக அளவில், வெயிலில் வேலை செய்ததால் வந்த தோல் புற்றுநோய்க்கு 2019-இல் மட்டும் ஏறத்தாழ 19,000 பேர் பலியானதாக உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2023-இல் கணக்கிட்டன.

சூரியன் மட்டுமா? வெல்டிங் பொறியிலிருந்தும் இதே கதிர் கிளம்புகிறது. வெல்டருக்காவது கையில் கறுப்புக் கண்ணாடி வைத்த மறைப்பு இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு சரி. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல் எரியும். மறுநாளோ அதற்கு மறுநாளோ சரியாகிவிடுவதால், அதை யாரும் விபத்தாக எழுதி வைப்பதில்லை.

காப்பு ஒன்றும் ராஜ வைத்தியம் அல்ல. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வேலைக்கு வரும் பெண்கள் இதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டவர்கள். நெருக்க நெய்த, தளர்வான, முழுக்கைத் துணி நல்லது. நனைந்த பருத்தித் துணி கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். தலைக்கவசத்தின் பின்புறம் கழுத்தை மறைக்கத் துணி தொங்கவிடலாம். கண்ணுக்கு, பாலிகார்பனேட் கண்ணாடி நிறமற்றதாக இருந்தாலும் சூரியனின் புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். கறுப்பாக இருக்கிறதென்று நடைபாதையில் வாங்கும் கண்ணாடியை நம்ப முடியாது. வெல்டிங்குக்கு மட்டும் அதற்குரிய கறுப்புக் கண்ணாடியே வேண்டும். உதவிக்கு நிற்பவருக்கும் சேர்த்து.

இந்தச் செலவைக் கூலிக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது. கட்டடச் செலவில் 1 சதவீதம் தீர்வை வாங்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் ஏற்பாடு 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. அந்த நிதியிலிருந்து ஆண்டுக்கொரு முறை வேலைத்தளத்திலேயே கண் பரிசோதனை நடத்தலாம். பகல் 12 மணிக்கு இடைவேளை தொடங்கி, அந்த இரண்டு மணி நேரத்தைக் காலையிலும் மாலையிலும் ஈடு செய்துகொள்ளக் காண்டிராக்டர்கள் இணங்கலாம். வளைகுடா நாடான எமிரேட்ஸில் கோடை மூன்று மாதங்களும் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு; அங்கும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

காண்டிராக்டர் அலுவலகங்களில் சாமான் பட்டியல் எழுதும் தமிழ்க் குமாஸ்தாக்கள் பலர். சிமெண்டு, கம்பிக்குக் கீழே கண்ணாடிகளையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கையெழுத்துக்கு வைக்க அவர்களால் முடியும். கண்ணின் ஓரத்தில் சதை தென்படத் தொடங்கியவர்கள், அது கருவிழியின் நடுவை எட்டும்வரை காத்திராமல் டாக்டரிடம் காட்டவேண்டும். பஞ்சாரா ஹில்ஸில் உள்ள எல்.வி. பிரசாத் நிறுவனத்தில் வசதியற்றோருக்கு இலவசச் சிகிச்சை உண்டு.