வாய்க்காலுக்கு அப்பால்



கடல் வழியே ஏதென்ஸ் நகரை அடைந்த புனித பவுல், சீலாவும் திமொத்தேயுவும் வந்து சேரும்வரை அங்கே காத்திருக்க நேர்ந்தது. நம் முன்னோர் சின்னப்பர் என்றழைத்த அத்திருத்தூதர், தங்கிய இடத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. நகரைச் சுற்றி நடந்தார். மக்கள் வழிபட்ட இடங்களை உற்று நோக்கினார். அறியாத தெய்வத்திற்கென எழுப்பிய பீடமொன்று அவர் கண்ணில் பட்டது. அதையே தொடக்கமாகக் கொண்டு அந்நகரத்தாரிடம் பேசினார்.

2025 ஜூலையில் கார்டெலியா என்னும் சொகுசுக் கப்பல் புதுவைக் கடலில் நங்கூரமிட்டது. பயணிகள் படகுகளில் கரை சேர்ந்து, சில மணி நேரம் ஊரைக் கண்டு திரும்பினர். கப்பற் பயணம் நம்மில் பலருக்கு எட்டாதது. ஆயினும் விடுமுறை நாளில் நெய்வேலியிலிருந்து பேருந்தேறிப் புதுவைக் கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. நமக்கும் அங்கே கிடைப்பது சில மணி நேரமே. அதில் நாம் காண்பது என்ன?

கடற்கரைச் சாலையில் காந்தியடிகள் சிலை; 1836-இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம்; சற்றுத் தள்ளி, 'கப்ஸ் கோயில்' என வழங்கும் தூதர்களின் அன்னை ஆலயம். மஞ்சளும் வெண்மையும் பூசிய மாளிகைகள். இவ்வளவில் நிழற்படம் எடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகின்றனர். மேற்கே பெரிய வாய்க்கால் உள்ளது. பிரெஞ்சு ஆட்சியில் அதன் கிழக்கே வெள்ளையர் நகரம்; மேற்கே தமிழர் நகரம். வாய்க்காலைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால், மிஷன் வீதியில் நம் உயர் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலை அடையலாம். அமல உற்பவ அன்னையின் ஆலயமாயினும் மக்கள் வாயில் அது 'சம்பா கோயில்'. புனித பவுலின் பிரெஞ்சுப் பெயரே அவ்வாறு திரிந்தது என்பர்.

அங்கிருந்த பழைய கோயில் 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபின் அழிக்கப்பட்டது. இன்றுள்ளது 1791-இல் நிறைவுற்றது. அப்பழைய கோயிலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி எழுதியுள்ளார். கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்ததாம். ஒருபுறம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும். ஒடுக்கப்பட்டோர் திரண்டு சென்று குருவிடம் நியாயம் கேட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. மனங்களில் இருந்த சுவரோ அன்றே விழுந்துவிடவில்லை.

பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என எபேசியருக்கு எழுதியவர் பவுல். அவர் பெயர் தாங்கிய கோயிலுக்குள்ளேயே சுவர்! இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. நியாயம் கேட்டு நின்ற அந்த ஏழைகளும் நம் விசுவாசத்தின் முன்னோரே.

நம் நகரியத்தில் வாய்க்கால் எங்கே? ஒரே சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியும் உழைக்கிறார், ஒப்பந்தத் தொழிலாளியும் உழைக்கிறார். சுரங்கத்திற்காக நிலத்தையும் வீட்டையும் இழந்தோர் நம் வட்டங்களுக்கு வெளியே வாழ்கின்றனர். ஞாயிறு திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிர்கிறோம். அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒருநாள் அமர்ந்ததுண்டா? சாதி கேளாமல் சம்பந்தம் பேசியதுண்டா?

அடுத்த முறை புதுவை சென்றால், பிள்ளைகளின் கைபிடித்து வாய்க்காலைக் கடந்து நடங்கள். சம்பா கோயிலில் மண்டியிட்டு, சுவர் இடிந்த கதையைச் சொல்லுங்கள். ஊர் திரும்பியபின், நாம் இன்னும் கடக்காத வாய்க்கால் எதுவென்று குடும்பச் செபத்தில் ஆண்டவரிடம் கேளுங்கள். அதைக் கடக்கக் கப்பல் வேண்டியதில்லை, கால்கள் போதும்.