முதல் தூண் இறங்குமுன்

மன்னாரில் என் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகளைப் பார்ப்பேன். அவை தரையில் நிற்பவை. கடலுக்குள்ளும் அமைக்கலாம் என்ற பேச்சு இப்போது எழுந்துள்ளது. இலங்கையின் கடற்காற்று மின்சாரத்துக்கான வழிவரைபடமொன்றை உலக வங்கிக் குழுமம் 2023 இல் வெளியிட்டது. இதை நான் சொன்னபோது, கடற்றொழில் செய்யும் மாமா ஒன்றுதான் கேட்டார்: "அப்ப ஆவுளியாக்கு என்ன ஆகும் மகள்?" கடற்பசுவைத்தான் அவர் அப்படிச் சொல்வார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

காற்று மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 இல் மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடம் படித்தவர்கள் நாம். ஆனால் கட்டிய பிறகு கடலைக் கண்காணிப்போம் என்பது போதாது. கட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

டென்மார்க் அப்படித்தான் செய்தது. அங்கே ஹோர்ன்ஸ் ரெவ் என்னுமிடத்தில் 2002 இல் 80 காற்றாலைகளும், நிஸ்டெட்டில் 2003 இல் 72 காற்றாலைகளும் அமைந்தன. போர்பொய்ஸ் என்பது டொல்பினை ஒத்த சிறிய கடற்பாலூட்டி. அது எழுப்பும் 'கிளிக்' ஒலிகளை நீருக்கடியில் வைத்த கருவிகள் கட்டுமானத்துக்கு முன்னிருந்தே பதிவுசெய்தன. காற்றாலை இல்லாத அயற்கடலிலும் அதேபோல் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். ஹோர்ன்ஸ் ரெவ்வில் உருக்குத் தூண்களைக் கடலடியில் அறைந்து இறக்கும் பேரொலிக்கு அவை விலகிச் சென்றன. வேலை முடிந்ததும் அங்கே திரும்பின. நிஸ்டெட்டிலோ பத்து ஆண்டுகளாகியும் பழைய அளவுக்கு வரவில்லை.

ஒரே நாடு, ஒரே விலங்கு, விடைகள் இரண்டு. முன்னரே அளந்திராவிட்டால் இந்த வேறுபாடு தெரிந்தேயிருக்காது. அப்படியிருக்க, அவர்களுடைய விடையை நமது கடலுக்கு எப்படிப் பொருத்துவது?

அவர்களின் முறையையும் அப்படியே எடுக்க முடியாது. கடற்பசு போர்பொய்ஸைப் போல ஒலியால் வழி தேடும் விலங்கல்ல. அதன் மேய்ச்சல் நிலமான கடற்புற்றரைகளை முதலில் வரைபடமாக்க வேண்டும். புல்லில் அது மேய்ந்த தடங்களைத் தேட வேண்டும். எங்கே, எந்த மாதத்தில் அதைக் கண்டார்கள் என்று மீனவர்களிடம் கேட்டுப் பதிய வேண்டும். ஒரு பருவம் மட்டும் பார்த்தால் போதாது. இரு பருவக்காற்றுக் காலங்களும் சில ஆண்டுகளாவது அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.

கண்டறிவதைக் கோப்புக்குள் பூட்டாமல் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். அளவு குறைந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரமும் வேண்டும். ஜேர்மனியில் தூண் அறையும் ஒலி 750 மீற்றர் தொலைவில் 160 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளால் திரை அமைக்கிறார்கள். எல்லை வகுத்ததால் வந்த வழி அது.

உயிரியல் படிக்கும் தோழிகளே, இந்தக் கணக்கெடுப்பு தொடங்கும்போது நம்மில் சிலர் பல்கலைக்கழகத்தில் இருக்கக்கூடும். அந்தப் படகில் நாமும் ஏற வேண்டும். மாமாவின் கேள்விக்கு ஊகத்தால் அல்ல, எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல நான் விரும்புகிறேன்.