பள்ளக்காட்டில் சாகும் யானைகள்

2022 ஜனவரியில், ஒரு வார இறுதிக்குள் இரண்டு யானைகள் இலங்கையின் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் செத்துக் கிடந்தன. அங்கு இறந்த யானைகளைப் பரிசோதித்த வனஜீவராசிகள் மிருக வைத்தியர் நிஹால் புஷ்பகுமார, வயிற்றுக்குள் கண்டது பொலித்தீன், சாப்பாடு சுற்றிய தாள், பிளாஸ்டிக், தண்ணீர். யானை தின்று செரிக்கிற இரை எதுவும் இல்லை. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் அந்த மேட்டின் பிளாஸ்டிக்கைத் தின்று செத்தவை ஏறத்தாழ 20.

இது ஒரே நாளில் முடிகிற சாவல்ல. குடலில் பொலித்தீன் அடைத்ததும் யானை மெலியத் தொடங்கும். தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் ஒரு கட்டத்தில் விழும். விழுந்த யானையால் இரை எடுக்கவும் முடியாது, நீர் குடிக்கவும் முடியாது. கடைசி நாட்கள் முழுக்க வேதனைதான்.

அந்தப் பொலித்தீன் எங்கிருந்து போனது? கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களின் வீட்டு வாசல்களிலிருந்தும் கடைத்தெருக்களிலிருந்தும்தான். மீன் கழுவிய தண்ணீரும், மிஞ்சிய சோறும் கறியும், குழந்தையின் டயப்பரும் ஒரே சொப்பிங் பேக்கில் முடிச்சிடப்பட்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுகின்றன. யானை தேடுவது பொலித்தீனை அல்ல, அதில் ஒட்டியிருக்கும் உப்பையும் சோற்றையும். பிரித்துத் தின்னாமல் பையோடு விழுங்குகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் அமைக்கப்பட்டபோது பள்ளக்காடு ஒரு கழிவு முகாமைத்துவ நிலையம். மீள்சுழற்சி நடக்காததால் அது மேடாகிவிட்டது. மேட்டைச் சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, திருத்த ஆளில்லாமல் போனது. காட்டோரக் குப்பைமேடுகளின் கழிவு மீள்சுழற்சி செய்யப்படும், வேலி போடப்படும் என்று 2017இல் அரசாங்கம் அறிவித்ததும் முழுமையாக நடக்கவில்லை. குப்பை உள்ளூராட்சி சபையின் பொறுப்பு, யானை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் இடையில் அறுந்து கிடக்கும் கம்பி யாருடைய பொறுப்பு?

“மனிசருக்கே வழியில்லை, இதில ஆனைக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. வேளாண்மையை யானையிடம் பறிகொடுத்தவரின் வாயிலிருந்து வரும்போது அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் காட்டு யானையை மனித வாடைக்குப் பழக்கி, குடியிருப்பின் விளிம்புக்கு அன்றாடம் கூட்டிவருவதே இந்த மேடுதான். மேட்டைத் திடீரென மூடினாலும், சோற்றுக்குப் பழகிய மிருகம் அந்த வாசனையைத் தேடி அருகிலுள்ள அஷ்ரஃப் நகர்ப் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஆகவே வேலியும் வேண்டும், வேலிக்குள் போகும் குப்பையும் மாற வேண்டும்.

மாற்ற வேண்டிய இடம் அடுப்படி. மக்கும் கழிவைத் தனி வாளியில் வாங்க சபைகள் முன்வரட்டும். கலந்து கட்டிய பையை ஏற்றாமல் விட்டுப் போகும் துணிவும் அவற்றுக்கு வரட்டும். லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டம்பரிலேயே தடை செய்யப்பட்டவை. தடை தாளில் இருக்கிறது, லஞ்ச் சீற் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறது. வலீமா விருந்துச் சோற்றை சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகியது இந்தக் கரையோர முஸ்லிம் சமூகம். நோன்புக் கஞ்சிக்குச் சட்டியோடு பள்ளிவாசலுக்குப் போன சமூகமும் இதுவே. பைக்குள் கஞ்சி ஊற்றுவதை நிறுத்தப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. தாகித்த நாய்க்கு நீர் கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்டதைச் சொல்லும் ஹதீஸை ஜும்ஆக்களில் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பள்ளக்காடு தூரத்து விவகாரமாகவும் இருக்க முடியாது.

குப்பை அனுப்பும் ஒவ்வொரு சபையும் தன் வரவுசெலவுத் திட்டத்தில் மின்வேலிப் பராமரிப்புக்கென ஒரு தொகையைப் பங்காக ஒதுக்க வேண்டும். வேலியை நாள்தோறும் சுற்றிப் பார்க்கவும், படரும் செடி கொடியை வெட்டவும் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும். மின்னல் மறுபடியும் விழும். அன்றைக்குக் கம்பியைத் திருத்தப் பணமும் ஆளும் தயாராக இருக்க வேண்டும்.