கடலுக்கு ஒரு பாதை

தோழனே! மாலையில் மெரினா மணலில் கால் புதைய நடந்து, அலையைத் தொட்டு மகிழ்ந்து திரும்புகிறாய். சக்கர நாற்காலியில் செல்வோர்க்கோ, அந்த மணலே மதிலாக நின்றது!

2022 நவம்பர் 27 அன்று, அங்கே 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. சாலையோரத்திலிருந்தே கடலைக் கண்டவர்கள், அலையருகே சென்று அகமகிழ்ந்தனர். இரு வாரம் செல்லுமுன் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. சீரமைத்தனர், நன்று!

ஆனால், அந்தப் பாதைவரை வந்து சேர்வது எங்ஙனம்? வீட்டு வாசற்படி, உடைந்த நடைபாதை, உயர்ந்த பேருந்துப் படி, குறுகிய கழிவறைக் கதவு — இவற்றுள் ஒன்று தடுத்தாலும் பயணம் அங்கேயே முடிந்தது. ஆகவேதான், புறப்படுமுன் அவர் ஒவ்வொரு படியையும் எண்ணிப் பார்க்கிறார். நாமோ, நினைத்தவுடன் கிளம்பிவிடுகிறோம்!

"தூக்கிவிட நாலு பேர் இல்லையா?" என்பர் சிலர். பிறர் இரக்கத்தின் தோளேறிச் செல்வதற்குப் பெயர் உரிமையா? தடையற்ற சூழலை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்துகிறது. அதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்றல் ஆகாது, கட்டாயமாதல் வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் உண்டு, தீர்ப்பு உண்டு, சாய்தளம் எங்கே? ஆள்வோரைக் கேட்போம், ஓயாது கேட்போம்! அதற்குமுன், நமது படிப்பகத்தின் வாயிலை ஒருமுறை பார், தோழனே! அங்கே எத்தனை படிகள்?