காலி நினைவகம் என்னும் மாயை

புதிய மடிக்கணினியின் நினைவகத்தை எப்போதும் காலியாக வைத்திருந்தால்தான் அது வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2026 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்தின் கீழ் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் கொண்ட மடிக்கணினிகள் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்படும் இக்காலத்தில், இந்நம்பிக்கையைப் பரிசோதிப்பது அவசியமாகிறது. வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற பகுதிகளில் துறைமுகத்தையும் மீன்பிடியையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களுள் பலவற்றுக்கு இத்தகைய கணினியே வீட்டின் முதல் கணினியாக இருக்கக்கூடும் என்பதால், தவறான அறிவுரைக்குக் கொடுக்கும் விலையும் அங்கே கூடுதலாகிறது.

இந்நம்பிக்கை காரணமின்றிப் பிறந்ததன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முந்தைய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் கணினிகளில் 2 ஜிபி நினைவகமும், சுழலும் தட்டில் தரவை எழுதும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. நினைவகம் போதாதபோது கணினி ஹார்டு டிஸ்க்கின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். அந்தத் தட்டு மெதுவானது என்பதால் திரையே உறைந்ததுபோல நிற்கும். எனவே நினைவகம் நிறைவதைக் கண்டு அஞ்சுவது அன்று இயல்பாக இருந்தது. அண்ணனின் கணினிக்குச் சொல்லப்பட்ட அந்த அறிவுரை, வன்பொருள் முற்றிலும் மாறிய பின்னும் தங்கையின் கணினிக்கு அப்படியே சொல்லப்படுவதுதான் சிக்கல்.

நினைவகம், அதாவது ரேம், மின்சாரம் இருக்கும்வரை மட்டும் தரவைத் தாங்கும் வேகமான இடமாகும். அதைக் காலியாக வைப்பதால் மின்சாரம்கூடக் குறிப்பிடத்தக்க அளவில் மிச்சமாவதில்லை. 2007இல் வந்த விஸ்டா பதிப்பிலிருந்து, அடிக்கடி திறக்கப்படும் நிரல்களை விண்டோஸ் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைக்கிறது. வேறொரு நிரலுக்கு இடம் தேவைப்பட்டால், இவ்வாறு ஏற்றியவற்றை அந்தக் கணமே விட்டுக்கொடுக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ‘கேஷ்டு’ எனக் காட்டப்படும் அளவின் பெரும்பகுதி, உடனே பயன்படுத்தத்தக்க ‘அவைலபிள்’ கணக்கிலும் சேர்ந்திருப்பது இதனால்தான். காலியாகக் கிடக்கும் சரக்கு யார்டைத் துறைமுகத்தின் திறமைக்குச் சான்றாக எண்ணூரில் எவரும் காட்டுவதில்லை. காலி நினைவகத்தை மட்டும் கணினியின் திறமைக்குச் சான்றாகக் கொள்வதற்கு அடிப்படை இல்லை.

‘ரேம் கிளீனர்’ என்ற பெயரில் வரும் நிரல்கள் செய்வது என்ன? இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலிடமிருந்தும் அது பயன்படுத்தும் நினைவகப் பக்கங்களைப் பறிக்குமாறு இயங்குதளத்துக்குக் கட்டளையிடுகின்றன. பக்கம் என்பது நினைவகம் பங்கிடப்படும் சிற்றலகு. பொத்தானை அழுத்தியதும் பயன்பாட்டு விழுக்காடு சரிந்து மனநிறைவு உண்டாகிறது. ஆனால் பிரவுசரை மீண்டும் தொட்டவுடன், பறிக்கப்பட்ட பக்கங்களை இயங்குதளம் ஒவ்வொன்றாகத் தேடித் திரும்ப இணைக்க வேண்டியிருக்கிறது. சில பக்கங்களைச் சேமிப்பகத்திலிருந்தே படிக்க வேண்டிவருகிறது. விண்டோஸின் உள்ளமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற மார்க் ருசினோவிச் இத்தகைய நிரல்களை ஏமாற்று என்று எழுதி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றின் சந்தை ஓயவில்லை.

காலியிடம் உண்மையிலேயே தேவைப்படுவது சேமிப்பகத்தில்தான். அங்கேயோ அக்கறை காணப்படுவதில்லை. எஸ்எஸ்டியில் தரவு பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது, ஆனால் பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியாகத்தான் அழிக்கப்படுகிறது. காலியான தொகுதிகள் குறையும்போது பழையவற்றை நகர்த்தி அழித்த பின்னரே புதியதை எழுத முடிவதால் வேகம் குறைகிறது. மேலும், 256 ஜிபி எனக் குறிக்கப்பட்ட சேமிப்பகத்தை விண்டோஸ் ஏறத்தாழ 238 ஜிபி என்றே காட்டும். இது மோசடியன்று, உற்பத்தியாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகவும், விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டாகவும் கணக்கிடுவதன் விளைவு. இச்சிறிய இடத்தையும் சி, டி எனக் கூறுபோடுவதால் வேகம் கூடுவதில்லை. சி பகுதி விரைவில் நிரம்பி, விண்டோஸ் புதுப்பிப்புக்கே இடமின்றிப் போகும் நிலைதான் ஏற்படுகிறது. சிதறிய தரவை ஒழுங்குபடுத்தும் ஹார்டு டிஸ்க் காலத்து ‘டிஃப்ராக்’ வழக்கமும் எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது. அதற்குரிய ‘டிரிம்’ பராமரிப்பை விண்டோஸ் தானே அவ்வப்போது செய்துகொள்கிறது.

கடையில் ‘ஃபார்மேட்’ செய்து வாங்கிய பின் கணினி உண்மையிலேயே வேகமாக ஓடியது என்பது காலி நினைவக நம்பிக்கையை ஆதரிப்போரின் வலுவான வாதம். அது பெரும்பாலும் மெய்யே. காரணம் மட்டும் வேறு. உற்பத்தியாளர்கள் முன்கூட்டியே நிறுவித்தரும் சோதனைக் கால ஆன்டிவைரஸ் போன்ற நிரல்கள், கணினி தொடங்கும்போதே எழுந்து நாள் முழுவதும் பின்னணியில் இயங்குகின்றன. ஃபார்மேட்டில் அவை நீங்கியதால் வந்த பயன், நினைவகத்தைக் காலி செய்ததன் கணக்கில் எழுதப்படுகிறது. முன்நிறுவல் நிரல்களின் ஆபத்து வேகத்தோடு முடிவதில்லை: லெனோவோ மடிக்கணினிகளில் வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல், பாதுகாப்பான இணைய இணைப்புகளிலும் ஊடுருவக்கூடியது என்பது 2015இல் அம்பலமாயிற்று. எனினும் அவற்றை நீக்க செட்டிங்ஸில் ‘அன்இன்ஸ்டால்’ பொத்தானும், தொடக்க நிரல்களின் பட்டியலும் போதும். ஃபார்மேட் செய்து திருட்டு விண்டோஸ் ஏற்றுவோர், கணினியோடு வந்த முறையான விண்டோஸையும் பாஸ் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளத்தையும் இழக்க நேரிடும். தூய்மை செய்வதாகச் சொல்லும் நிரலே நோய் பரப்பிய நிகழ்வும் உண்டு: 2017இல் சிகிளீனரின் ஒரு பதிப்பு, தாக்குநர்கள் புகுத்திய தீய நிரலைச் சுமந்தவாறு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அடைந்தது.

இவற்றால் 8 ஜிபி எல்லாருக்கும் போதும் என்று ஆகிவிடாது. பிரவுசரில் பல பக்கங்களும் காணொளி வகுப்பும் ஒருசேர இயங்கும்போது மெய்யான நெருக்கடி ஏற்படவே செய்யும். அதன் அடையாளம் நினைவகத்தின் விழுக்காடு உயர்வதன்று, நிரல்களை மாற்றும் ஒவ்வொரு முறையும் கணினி திணறுவதே. அதற்குத் தீர்வு தேவையற்ற நிரல்களை மூடுவதும், தாய்ப்பலகையில் இடமிருந்தால் கூடுதல் ரேம் பொருத்துவதுமே. நினைவகத்தைக் காலி செய்யும் சடங்கு இத்தீர்வுகளை மறைக்கிறது. கருவியின் பற்றாக்குறையைப் பயன்படுத்துபவரின் கவனக்குறைவாக மாற்றிக்காட்டுகிறது. ஆகவே பழுதுபார்ப்புக் கடையில் பணம் கொடுப்பதற்கு முன் மாணவர் கேட்க வேண்டியது ‘எவ்வளவு காலியாகும்?’ என்பதன்று, ‘எந்த நிரலை நீக்கப்போகிறீர்கள், அது ஏன் தேவையில்லை?’ என்பதே. இதற்குப் பெயர் சொல்லிப் பதிலளிக்க முடியாத வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.