சாவி யாருடையது?

"தமிழர் கோவிலில் இந்தித் திருப்பலி எதற்கு?" என்னும் கேள்வி நம் தொழிற்பேட்டைப் பங்குகளில் எழக் காண்கிறோம். கேட்போர்க்கு ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். கோவிலை நாம் பூட்டுவதும் திறப்பதும் சாவியால். அந்தச் 'சாவி' தமிழ்ச்சொல் அன்று.

இலத்தீனில் 'கிளாவிஸ்' என்றால் திறவுகோல். உரோமைப் பேரரசு சிதைந்தபின் அச்சொல் மக்கள் நாவில் பலவாறு உருமாறிற்று. இத்தாலியில் 'கியாவே', இசுபானியத்தில் 'யாவே', பிரெஞ்சில் 'கிளே' என்றாயிற்று. போர்த்துக்கீசியத்தில் முதலெழுத்தே மாறிச் 'சாவே' என நின்றது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் பழவேற்காட்டிலும் மயிலாப்பூரிலும் குடியேறினர். வங்கத்து ஊக்ளியிலும் குடியேறினர். அவர்தம் சொல் தமிழில் 'சாவி' ஆயிற்று. வங்காளியிலும் இந்தியிலும் ஒடியாவிலும் 'சாபி' ஆயிற்று.

ஆக, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளி தன் அறையைப் பூட்டும் சாபியும், நம் வீட்டுச் சாவியும் ஒரு தாய்ப் பிள்ளைகளே. அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடும்போது நமக்கு மொழி குறுக்கே நிற்பதில்லை. அவர்கள் செபிக்க வரும்போது மட்டும் அது குறுக்கே வந்து நிற்பானேன்?

"இது இந்தித் திணிப்புக்கு இடங்கொடுப்பதாகாதா?" எனச் சிலர் வினவுவர். ஆகாது. அரசு ஒரு மொழியைத் திணித்தால் எதிர்ப்பது நம் உரிமை, நானும் எதிர்ப்பேன். கூலி தேடி வந்த ஏழை தன் இறைவனோடு பேசும் மொழியோ எவர்மீதும் திணிக்கப்படுவதன்று. பிழைப்புக்காக மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற நம் மக்கள் அங்கே தமிழ்த் திருப்பலி வேண்டும் என்று கேட்டதில்லையா? அங்கே நாம் நீதி என்று கேட்டது இங்கே சலுகை ஆகிவிடுமா?

ஆண்டவர் பேதுருவிடம் விண்ணரசின் திறவுகோல்களை ஒப்படைத்தார் (மத் 16:19). புனித எரோணிமுவின் இலத்தீன் பெயர்ப்பில் அவ்விடத்தில் உள்ளதும் இந்தக் 'கிளாவிஸ்'தான். அதே ஆண்டவர், அறிவின் திறவுகோலை எடுத்துக்கொண்டு, தாமும் நுழையாமல் நுழைவோரையும் தடுத்த திருச்சட்ட அறிஞரைக் கடிந்தார் (லூக் 11:52). சாவியைக் கையில் வைத்திருப்போர் இவ்விரண்டு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதன்று: மாதம் ஒரு ஞாயிறு, ஆலை வேலை முடியும் நேரம் பார்த்து, அவர்கள் மொழியில் ஒரு திருப்பலி. தமிழ்த் திருப்பலி ஒன்றையும் குறைக்க வேண்டியதில்லை. நம் பங்குப்பேரவைகள் அடுத்த கூட்டத்திலேயே இதனை முடிவு செய்யட்டும்.