மாவுவும் லீசாவும்

ஆப்பிரிக்கரின் சமயத்தை வெறும் கல் வழிபாடெனத் தள்ளுவார் இன்றும் உளர். இன்றைய பெனின் நாட்டில் முன்னர்ச் செழித்த டஹோமி அரசின் ஃபோன் மக்களோ, படைப்புத் தெய்வத்தை மாவு, லீசா என இணையாகவே கண்டனர். மாவு பெண், திங்களும் இரவும் தண்மையும் அவள்பால. லீசா ஆண், ஞாயிறும் பகலும் வெம்மையும் அவன்பால. இருவருள் ஒருவர் நீங்கின் உலகம் நடவாது. இல்லறத்துக்கு இதனினும் சிறந்த உவமை யாது? 18ஆம் நூற்றாண்டில் இவ்வணக்கத்தை அபோமித் தலைநகரில் உயர்த்தியவளும் ஒரு பெண்ணே. தெக்பேசு மன்னனின் அரசத்தாய் ஹுவாஞ்சிலே என்பது மரபு.

ஆண் அமைச்சர்க்கு நிகராக அரண்மனையிற் பெண் அதிகாரிகளும் இருந்தனர். ஆயினும் அப்பெண்டிர் மன்னனின் மனைவியராகவே எண்ணப்பட்டனர், அத்தகையோர் ஆயிரக்கணக்கினர். விண்ணில் இணையாக நின்றவள் மனையிற் பலருள் ஒருத்தியானாள். ஆதலின், ஆணுக்கொரு பணி, பெண்ணுக்கொரு பணி என எவர் உரைப்பினும், நம் ஆலயத்திலேயே உரைப்பினும், அவற்றைப் பகுத்தவர் யார் என்றே முதலில் வினவுவேன்.